குறிப்பு: நாற்பது எழுத்துக்கு மிகாமல்

ராட்டர்டாமின் கடைசி முனையில்
கப்பல் வந்தால் எதிர்கொள்ள ஆள் கிடையாது.
பளுதூக்கிகள் தாமே வரும், தாமே குனியும்.
ஓட்டுநர் இல்லாத வண்டிகள் ஒன்றுக்கொன்று வழிவிடும்,
வழிவிடுவதில் மரியாதை ஏதும் இல்லாமல்.

நாங்கள் ஒன்பது பேர்
மூன்று கிலோமீட்டர் தள்ளி, ஜன்னல் திறக்காத மாடியில்,
ஆளுக்கு நான்கு திரை.
எந்திரம் குழம்பினால் மட்டும் கைகொடுக்க.
போன வருடம் இரண்டு முறை குழம்பியது.
ஒருமுறை மூடுபனி. ஒருமுறை கடற்காகம்.

ஸ்யூர்ட் முன்பு மேலே இருந்தவன்,
நாற்பது மீட்டர் உயரத்துக் கண்ணாடிக் கூண்டில்.
காற்றடித்தால் காப்பிக் கோப்பைக்குள் அலை எழும் என்பான்.
அதோடு நிறுத்திக்கொள்வான். ஏங்குகிறவன் இல்லை.
முதுகுவலி போனதில் சந்தோஷம்கூட.

திரையில் பெட்டி என்பது ஒரு செவ்வகம்.
எண், எடை, சேருமிடம்.
வலது ஓரத்தில் 'குறிப்பு' என்றொரு கட்டம்,
நாற்பது எழுத்துக்கு மேல் ஏற்காது.
ஆறு வருடமாக ஒருவரும் தொடவில்லை.

பிப்ரவரியில், இரவு மூன்று மணிக்கு,
அவன் அதில் தட்டினான்:
"மெதுவாக. உள்ளே ஒரு கடல் தூங்குகிறது."

பட்டியலின்படி அது குளியலறை ஓடு.
இருபத்திரண்டு டன், வால்பரைசோவுக்கு.
எந்திரம் எப்போதும்போல் தூக்கி
எப்போதும்போல் வைத்தது.
நான்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஒரு மணிநேரம் முட்டிப் பார்த்தேன். வரவில்லை.
பள்ளிக் கட்டுரையில் பத்துக்கு நான்கு வாங்கியவள்.
கடைசியில் ஒரு குளிர்ப்பெட்டிக்கு:
"இந்த வாழைப்பழங்களுக்கு இருட்டு பயம்."
எழுதிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தேன், திருடியவள்போல.

பிறகு சளிபோலப் பரவியது.
பெரும்பாலும் மட்டமான வரிகள், ஒளிப்பானேன்.
ரூட்கர் எதை எழுதினாலும் கால்பந்தில் முடியும்.
புதிதாய்ச் சேர்ந்த நவ்ஃபல் மட்டும்
எடையை விட்டு நகரவே மாட்டான்.
"காலிப் பெட்டி. ஆனாலும் நான்கு டன்."

அதைப் படித்துவிட்டுக் கழிவறைக்குப் போய்
குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.
என் வீட்டைப் பற்றி எழுதியிருக்கிறான் என்று
அவனுக்குத் தெரியாது.

மேலாளர் டெர் ஹார் அம்மையார் கூப்பிட்டு விசாரித்தார்.
இதனால் வேகம் குறைந்ததா என்று கணக்குப் பார்த்திருக்கிறார்கள்.
குறையவில்லை. கூடவும் இல்லை.
அதுதான் அவரைத் தொந்தரவு செய்தது.
"அப்படியென்றால் எதற்கு?"

ஸ்யூர்ட் தோளைக் குலுக்கினான்.
என்னிடம் ஒரு பதில் இருந்தது,
நாற்பது எழுத்தைத் தாண்டும்.

மார்ச் கடைசியில் கட்டத்தைத் துடைத்து மூடினார்கள்.
வெள்ளையாய் இருந்த இடம் சாம்பலானது,
சுட்டி அதன்மேல் போனால் நழுவும்.
ஒரு வாரம் நாங்கள் யாரும் பேசிக்கொள்ளவில்லை.
பேசவும் விசேஷமாய் ஒன்றுமில்லை.

குறிப்பு சரக்கோடு சேர்ந்தே பயணம் போகும் என்று
எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஏப்ரலில் சேதக் கோரிக்கைப் படிவம் ஒன்று வந்தது.
வால்பரைசோ, கிடங்கு ஏழு, பொறுப்பாளர் மியாராய் ஒயார்சூன்.
முறையான படிவம், முத்திரையோடு.
"பெட்டி சேர்ந்தது. ஓடுகளில் பதினான்கு உடைசல்.
கடல் விழித்துக்கொண்டது.
வைத்துக்கொள்ள இங்கே இடமில்லை, ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.
அதே பெட்டியில் திருப்பி அனுப்புகிறேன்."

டெர் ஹார் அம்மையார் அதை இரண்டு முறை படித்து
எந்தக் கோப்பில் சேர்ப்பதென்று தெரியாமல்
தன் கைப்பையில் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

ஜூன் ஒன்பது, விடியற்காலை, பனி இல்லை, பறவை இல்லை.
பளுதூக்கி அந்தப் பெட்டியைப் பாதி உயரம் தூக்கி
நின்றது.
செவ்வகம் சிவந்தது.
'எடை நிலைகொள்ளவில்லை. காரணம்: தெரியவில்லை.'

ஸ்யூர்ட் நாற்காலியை முன்னால் இழுத்து
கைப்பிடியைப் பற்றினான்,
ஒருவர் தோளைத் தொடுவதுபோல.
நாங்கள் எட்டுப் பேரும் பின்னால் எழுந்து நின்றோம்.

அவன் காப்பி பக்கத்தில்தான் இருந்தது.
நான் அதைப் பார்க்கவில்லை.
பார்த்திருக்கலாம்.